மூச்சும் மொழியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாலவனத்தம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் கற்றவர் நெஞ்சில் எழுவது பாண்டித்துரைத் தேவர் உருவமே. இவ்வூர் ஜமீனை ஆண்ட அவர், 1901ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சிங்காரவேலு முதலியார் வாழ்நாளெல்லாம் உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் அச்சேறத் துணைநின்றதும் அச்சங்கமே. தமிழில் இல்லாதது எது என்று தேடி, அதை உண்டாக்க முனைவது இம்மண்ணுக்குப் புதிதன்று. அந்தத் துணிவில்தான், ‘மருத்துவத் துறையில் தமிழ்’ என்று எனக்குப் பணிக்கப்பட்ட பரந்த பொருளிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். அப்பகுதி மூச்சு மருத்துவம்.

மூச்சை ஏன் தேர்ந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அண்மைக் காலமாக, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பெண்பிள்ளைகள் சிலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ‘ரெஸ்பிரேட்டரி தெரபி’ என்னும் பட்டப்படிப்பில் சேர்கின்றனர். அப்படிச் சேர்ந்த ஒரு பெண்ணின் தந்தை, தறி நெய்பவர், என்னிடம் கேட்டார்: “அம்மா, இது டாக்டர் படிப்பா, நர்ஸ் படிப்பா? ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் என்னவென்று சொல்லட்டும்?” நியாயமான வினா. ஒரு தொழிலுக்குத் தாய்மொழியில் பெயரில்லையென்றால், அத்தொழிலைச் செய்கிறவளுக்கு ஊரில் இடமில்லை. அந்த வினாவுக்கு விடை தேடியதன் பயனே இவ்வுரை.

எழுத்துப் பிறக்கும் இடம்

மூச்சைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கு உரிமை உண்டா என்னும் ஐயம் வேண்டியதில்லை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே வகுத்திருக்கிறார். கொப்பூழிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்பது அவர் கண்ட முறை. அதை நாம் ஒலியியலாக மட்டுமே வகுப்பில் நடத்துகிறோம். மூச்சு மருத்துவம் பயிலும் மாணவிக்கோ அது முதற்பாடம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம் என்னும் தசை இறங்கி ஏறுவதால்தான் வயிறு எழுந்து தாழ்கிறது. கொப்பூழருகே காற்றின் தொடக்கத்தைக் கண்ட கண் கூர்மையான கண்.

கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்ட நோயாளியை எண்ணிப் பாருங்கள். அவர் மூச்சு, குரல்நாண்களைத் தொடாமலே குழாய்வழி வெளியேறிவிடுகிறது. உயிர் இருக்கிறது, சொல் இல்லை. அக்குழாயின் வாயில் ஒருவழி அடைப்பிதழ் ஒன்றைப் பொருத்தினால் காற்று மேலேறி, குரல்நாண்களைத் தொட்டுச் சொல்லாகிறது. அந்த அடைப்பிதழ் எப்போது பொருத்தத்தக்கது, எவருக்குப் பொருத்தலாகாது என்று அறிந்து பொருத்துவது மூச்சு மருத்துவத்தினர் பணிகளுள் ஒன்று. ஊமையாய்க் கிடந்தவர்க்கு எழுத்தை மீட்டுத் தருவோரைத் தமிழாசிரியர்களின் இனத்தார் எனச் சொல்லலாமல்லவா?

மலையிலிருந்து சமவெளிக்கு

நெஞ்சக மருத்துவத்தின் வரலாறு நம் நாட்டில் பெரும்பாலும் காசநோயின் வரலாறே. எலும்புருக்கி, சயம் என்றெல்லாம் நம்மவர் அஞ்சி அழைத்த நோய் அது. மருந்தற்ற அந்நாளில் குளிர்ந்த காற்று, நல்லுணவு, ஓய்வு என்னும் மூன்றுமே மருத்துவம். அவற்றைத் தரும் இடத்துக்குச் ‘சானடோரியம்’ என்று பெயர். செல்வர் மலைவாழிடங்களுக்குச் சென்றனர். ஏழையர் வீட்டுத் திண்ணையில் கிடந்து மாண்டனர்.

அந்நாளைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமோட் மோல்லர் தலைமையில் 1915 அளவில் ஒரு சானடோரியம் வளர்ந்தது. அங்குக் கட்டடத்தைவிடப் பயிற்சிக்கே மதிப்பு மிகுதி. அவருக்குப்பின் பொறுப்பேற்ற பி.வி. பெஞ்சமின் பின்னாளில் இந்திய அரசின் காசநோய் ஆலோசகரானார். 1940இல் பிரிமோட் மோல்லரும் பார்ட்டனும் அங்கிருந்து எழுதிய ஒரு கட்டுரை குறிப்பிடத்தக்கது. காசம்போலவே இருமலும் எக்ஸ்ரே நிழலும் காட்டி, ஆனால் காசமல்லாத ஒரு நோயை, குருதியில் மிகும் ஒருவகை அணுக்களைக்கொண்டு அவர்கள் பிரித்துக் காட்டினர். யானைக்கால் நோயின் புழுவே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இருமுகிறவரையெல்லாம் காசநோயாளி என்று ஒதுக்காமல் நின்று கவனித்ததே அவர்களின் பெருமை.

நம் தமிழகத்தில் அவ்வழி வந்த பெருமகனார் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைச்சாரலில் அவர் நடத்திய சானடோரியத்தில் 1917இல் தங்கி மருத்துவம் பெற்றவர்களுள் கணிதமேதை இராமானுஜனும் ஒருவர். அவருக்கு இருந்தது காசநோய் என்றே அன்று கருதினர். அது வேறு நோயாக இருந்திருக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் கூறுவர். அயல்நாட்டில் புகழும் வருவாயும் பெற்றிருந்த சௌரிமுத்து தாயகம் திரும்பி, 1928இல் தாம்பரத்தை அடுத்து, 250 ஏக்கர் அளவான நிலத்தில் சானடோரியம் ஒன்றைத் தொடங்கினார். மலை வேண்டும் என்றிருந்த மருத்துவத்தைச் சமவெளியில் நடத்திக் காட்ட முனைந்ததே அவர் துணிவு. 1937இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை. ஆயினும் அங்குள்ள இரயில் நிலையத்தின் பெயர் இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’. மருத்துவர் ஒருவரின் கனவு ஊர்ப்பெயராகிவிட்டது. ஊர்ப்பெயர் ஆய்வு செய்வோர் இதனைக் குறித்துக்கொள்க.

விடுதியிலிருந்து வீட்டுக்கு

1948ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் புதுமைப்பித்தன் காசநோயால் மறைந்தார். அவர் இறந்த அதே 1948ஆம் ஆண்டில்தான் ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து காசத்தை அடக்கும் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு அச்சில் வந்தது. அறிவு உலகின் ஒரு மூலையில் இருந்தது. நோயாளி வேறொரு மூலையில் கிடந்தார். அத்தொலைவு அவர் உயிரைக் குடித்தது.

மருந்து வந்தபின் புதிய சிக்கல் தோன்றியது. இத்தனை நோயாளிகளுக்கும் படுக்கை எங்கே? இவ்வினாவுக்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாகாண அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் தலைமையேற்றார். தேவதத்தா, இராமகிருஷ்ணன், புள்ளியியல் அறிஞர் இராதாகிருஷ்ணா முதலிய நம்மவர் அவரோடு உழைத்தனர்.

அவர்கள் செய்தது இதுவே. சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூற்றார் ஓராண்டு சானடோரியத்தில் இருந்தனர். மறு கூற்றார் தம் ஒற்றையறை வீட்டிலேயே இருந்தனர். இருசாராருக்கும் ஒரே மருந்து. வீட்டிலிருந்தோர்க்கு ஊட்டமான உணவில்லை, ஓய்வில்லை, காற்றோட்டமில்லை. 1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும் வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கும் ஓராண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் உடன் வாழ்ந்த மனைவி மக்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தும், நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டதால் அவர்களுக்குத் தொற்று மிகுந்துவிடவில்லை என்றே தெரிந்தது. சானடோரியம் இன்றியமையாதது என்ற உலகக் கருத்து அத்துடன் சரிந்தது. நாடுகள் பலவும் வீட்டு மருத்துவத்துக்கு மாறின.

இவ்வெற்றிக்கு மருந்து மட்டுமே காரணமன்று. நோயாளி மருந்தை விழுங்குகிறாரா என்று அறிய, நலப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுதேடிச் சென்றனர், எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். குடிசை வாசலில் நின்று, இருமல் நின்றுவிட்டதே இனி மாத்திரை எதற்கு என்று கேட்ட குடும்பங்களுக்கு விடை சொன்னோர் அவர்களே. அவர்கள் விடை சொன்ன மொழி ஆங்கிலமன்று. ஆய்வேடுகளில் அவர்களின் சொற்கள் இல்லை. எண்கள் மட்டுமே உள்ளன. தமிழில் நிகழ்ந்த ஓர் அறிவியல் வெற்றியின் உரையாடலை நாம் இழந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

அம்மையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் பெற்றது. 1992இல் அங்கு ஆய்வாளராகச் சேர்ந்தவர் சௌமியா சுவாமிநாதன். குழந்தை மருத்துவம் பயின்று, குழந்தைகளின் நுரையீரல் நோய்களில் தனிப்பயிற்சி பெற்ற அவர், 2012இல் அதன் இயக்குநரானார். 2015இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநரானார். 2019 முதல் 2022 வரை உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராகப் பணிபுரிந்தார். உலகமே மூச்சுக்குத் தவித்த பெருந்தொற்றுக் காலத்தில் அப்பொறுப்பில் இருந்தவர் சேத்துப்பட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து சென்ற ஒரு பெண்மணி என்பதை நம் மாணவியர் அறிய வேண்டும்.

கைகளால் பிறந்த தொழில்

தறி நெய்யும் அந்தத் தந்தையின் வினாவுக்கு இப்போது வருகிறேன். டாக்டரும் அல்லாத, நர்சும் அல்லாத இத்தொழில் எப்படிப் பிறந்தது?

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பெருகியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுள் பத்துக்கு எட்டுப் பேருக்குமேல் இறந்தனர். தொற்றுநோய் மருத்துவமனையின் தலைவர் லாசென், தம்மினும் இளையவரான மயக்க மருந்து வல்லுநர் பியோர்ன் இப்சனை அழைத்து யோசனை கேட்டார். இப்சன், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உட்செலுத்தலாம் என்றார். வழி தெரிந்தது, ஆனால் இரவும் பகலும் பையை அமுக்க ஆள் வேண்டுமே! ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, மணிக்கணக்காகக் கையாலே மூச்சு ஊட்டினர். இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேதான் பிறந்தது.

இந்நிகழ்ச்சியில் தலைமை என்பது யாது? இளையவரைக் கேட்ட லாசெனிடம் அது இருந்தது. வழி சொன்ன இப்சனிடம் இருந்தது. உறங்காமல் பை பிடித்த பெயர் தெரியாத மாணவரிடமும் இருந்தது. கைகள் செய்த வேலையைப் பின்னர் எந்திரம் ஏற்றது. எந்திரத்தின் காற்றளவு, அழுத்தம், உயிர்வளியின் விகிதம் ஆகியவற்றை நோயாளியின் நெஞ்சசைவுக்கு ஏற்பப் பொருத்தவும், மெல்ல மெல்ல அவரை எந்திரத்திலிருந்து விடுவித்துத் தம் மூச்சில் நிற்கச் செய்யவும், சளியை அகற்றவும், வீடு திரும்பும்போது மூச்சுப் பயிற்சி கற்பிக்கவும் தனித்த ஒரு தொழிலினர் தேவைப்பட்டனர். அவரே மூச்சு மருத்துவத்தினர். இந்திய நாடாளுமன்றம் 2021இல் இயற்றிய துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்தொழிலைத் தன் பட்டியலில் சேர்த்து ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே அந்தத் தந்தைக்கு நான் சொன்ன விடை: “ஐயா, உங்கள் மகள் மூச்சுக்குத் துணைநிற்கப் படிக்கிறாள். பிறருக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை அவள்.”

அவளுக்குக் கருவிகள் பல உண்டு. விரல்நுனியில் மாட்டி உயிர்வளி அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை 2020க்குப்பின் அறியாதார் இல்லை. அதன் அடிப்படையைக் கண்டவர் சப்பானியரான அவோயாகி. ஆயினும் கருநிறத் தோலில் அக்கருவி உண்மையளவைவிடச் சற்று மிகுத்துக் காட்டக்கூடும் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு உணர்த்தியது. கரிசற்காட்டு வெயிலில் கறுத்த விரலைப் பார்க்கிறவள், கருவி காட்டும் எண்ணோடு நின்றுவிடாமல், முகத்தையும் நெஞ்சின் அசைவையும் பார்க்க வேண்டும். நோயாளி சொல்லும் சொல்லையும் கேட்க வேண்டும்.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதற்கு நல்ல சான்று. நோய் கண்டறிந்த அன்றே, நலப் பணியாளர் நோயாளியின் எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். காலில் வீக்கம் உண்டா என்று காண்கிறார். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். உயிர்வளியின் அளவைக் குறிக்கிறார். பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். இவற்றால் உயிருக்கு இடர் உள்ளவரைப் பிரித்து உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். பேராசிரியர் செய்ய வேண்டியதென்று இருந்த முடிவை ஊர்ப்புறத்துப் பணியாளர் கையில் தந்ததே இத்திட்டத்தின் சிறப்பு.

ஆக, இதுவரை கூறிய வரலாறு முழுவதும் ஒரே திசையில் செல்வதைக் காணலாம். மலையிலிருந்து சமவெளிக்கு, விடுதியிலிருந்து வீட்டுக்கு, மருத்துவர் கையிலிருந்து பணியாளர் கைக்கு. மூச்சு மருத்துவத்தில் தலைவர் என்று நாம் போற்றத்தக்கவர், அறிவை நோயாளிக்கு ஓரடி அருகில் கொணர்ந்தவரே. இனி எஞ்சியிருப்பது கடைசி அடி. அது மொழி.

சொல்லும் நோயும்

நம் வட்டாரத்தில் மூச்சைத் தின்னும் தொழில்கள் பல. பஞ்சாலையில் பறக்கும் தூசியால் நெஞ்சு இறுகும் நோய் ஒன்றுண்டு. விடுமுறை கழிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாளில் அது மிகுந்து தோன்றும். சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கி மூட்டம் போட்டுக் கரி எடுப்போர் நாள்முழுதும் புகையில் நிற்கின்றனர். மிளகாய் வற்றல் காம்பு கிள்ளும் பெண்கள் இருமிக்கொண்டே கூலி வாங்குகின்றனர். விறகடுப்பின் முன் முப்பது நாற்பது ஆண்டு அமர்ந்த தாய்மார், பீடியைக் கையாலும் தொடாதவர், புகைபிடித்தோர்க்கு வரும் அதே நோயோடு மருத்துவமனை வாசலில் அமர்ந்திருக்கின்றனர்.

இவர்கள் தம் துன்பத்தை எச்சொற்களால் கூறுகின்றனர்? மூச்சு வாங்குகிறது, மூச்சு முட்டுகிறது, இளைக்கிறது, இரைக்கிறது, இழுக்கிறது, நெஞ்சடைக்கிறது, மேல்மூச்சு வாங்குகிறது. ஆங்கில ஏட்டில் இவை பெரும்பாலும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. ஆனால் இவை ஒன்றல்ல. இரைப்பு ஒலியைச் சுட்டுவது. மூச்சுக்குழல் சுருங்கியதன் அடையாளம் அது. முட்டுதல் இடமின்மையைச் சுட்டுவது. வாங்குதல் விரைவைச் சுட்டுவது. மக்கள் நாவில் நோய்க்குறிகளின் நுண்ணிய வகைப்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

இதை அறியாமையால் விளைவதை நானே கண்டேன். உறவினர் ஒருவருக்குத் துணையாக மருத்துவமனை ஒன்றில் இருந்தபோது, பக்கத்துப் படுக்கை மூதாட்டி, “இளைப்பா இருக்கு ராசா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நகரத்தில் வளர்ந்த இளம் மருத்துவர், எடை குறைந்திருப்பதாக எழுதிக்கொண்டு, “பசி எடுக்குதா பாட்டி?” என்று கேட்டார். இளைத்தல் என்பது மெலிதலும் ஆம், மூச்சிரைத்தலும் ஆம் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. பின்னர் வந்த செவிலியர் ஒருவர், இவ்வட்டாரத்தவர், ஒரு நொடியில் பொருள் உணர்ந்து கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். ‘இழுப்பு’ என்ற சொல்லும் அவ்வாறே. ஒரு வீட்டில் அது ஆஸ்துமா; அடுத்த வீட்டில் அது வலிப்பு. இருபொருட் சொல் கவிதைக்கு அணி; மருத்துவமனையில் அதுவே ஆபத்து.

தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது என்போர் யாழ்ப்பாணத்தை நினைவுகொள்க. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். அயலார் ஒருவருக்கு இயன்றது நமக்கு இயலாதா? புப்புசம் என்று வழங்கிய உறுப்பை நுரையீரல் என்று நாம் இன்று இயல்பாகச் சொல்லவில்லையா? நுரைபோல் மென்மையும் காற்றும் நிறைந்த ஈரல் என்ற அச்சொல்லில் உடற்கூற்றுப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

குறிலும் நெடிலும்

கற்பித்தலுக்கு வருவோம். ஆஸ்துமாவிலும், புகையால் வரும் நெடுநாள் மூச்சடைப்பிலும் நோயாளி, “மூச்சை இழுக்க முடியவில்லை” என்றே சொல்வார். உண்மையில் தடை மிகுவது மூச்சை வெளிவிடுவதில். பழங்காற்று முழுவதும் வெளியேறாமல் உள்ளே தேங்குவதால் புதுக்காற்றுக்கு இடமில்லை. எனவே உதடுகளைக் குவித்து, உள்ளிழுத்த நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் மெல்ல ஊதக் கற்பிக்கின்றனர். இதனை விளக்கப் படமும் எண்ணும் காட்டித் தடுமாறுவானேன்? உள்ளிழுப்பது குறில், வெளிவிடுவது நெடில். ஒரு மாத்திரை வாங்கு, இரு மாத்திரை விடு. விளக்கின் முன் ஊதினால் சுடர் சாயவேண்டும், அணையக் கூடாது. தமிழ் எழுதப் படிக்கக் கற்ற எவருக்கும் இது மறவாது.

மாத்திரை என்றதும் மற்றொரு செய்தி. உறிஞ்சும் மருந்துக் கருவியை நம் மக்கள் ‘பம்பு’ என்பர். பம்பு பிடித்தால் வாழ்நாள் முழுதும் விடாது, வீரியம் மிகுந்த மருந்து, பெண்ணுக்கு வரன் அமையாது என்றெல்லாம் அச்சம். பிள்ளைக்கு மூச்சு முட்டும் இரவிலும் அதனை ஒளித்து வைக்கும் வீடுகளை நான் அறிவேன். உண்மை என்ன? சால்பூட்டமால் என்னும் மருந்து விழுங்கும் மாத்திரையில் 4 மில்லிகிராம் இருந்தால், பம்பின் ஓர் அமுக்கலில் இருப்பது 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு. விழுங்கிய மருந்து உடலெல்லாம் சுற்றி நெஞ்சை அடைகிறது. உறிஞ்சிய மருந்து செல்ல வேண்டிய இடத்துக்கு நேரே செல்கிறது. இவ்வளவுதான் செய்தி. ஆனால் மணப்பெண்ணின் தாய்க்கு இதை எடுத்துச் சொல்லக் கணக்கு மட்டும் போதாது. அவள் அச்சத்தை அறிந்த சொல் வேண்டும். அச்சொல்லை ஆக்கத் தெரிந்தவர்கள் இந்த அவையில் அமர்ந்திருக்கிறீர்கள்.

வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள்

நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாக ஒன்றை முன்வைக்கிறேன். இவ்வட்டாரத்து முதியோரிடமும் ஆலைத் தொழிலாளரிடமும் கரிமூட்டக்காரரிடமும் சென்று, மூச்சு, இருமல், சளி, நெஞ்சு குறித்து அவர்கள் வழங்கும் சொற்களைத் திரட்டுவோம். ஐம்பது சொற்கள் கிடைத்தாலும் போதும். ஒருபுறம் மக்கள் சொல், மறுபுறம் மருத்துவர் சொல், இடையில் எப்போது எப்பொருளில் வழங்குகிறது என்னும் விளக்கம். மருத்துவர் ஒருவரையும் மூச்சு மருத்துவம் பயிலும் நம் ஊர்ப் பிள்ளைகளையும் உடன்வைத்துச் சரிபார்த்து, சட்டைப்பையில் அடங்கும் சிறு நூலாக அச்சிடுவோம். 2022 சனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி நமக்கு அண்மையில் இருக்கிறது. அங்குப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து பயிலும் மாணவர்க்கு அதனை வழங்குவோம். கவிஞர்களும் தம் பங்காக, குவித்த உதட்டு மூச்சுக்கும் பம்பு பிடிக்கும் முறைக்கும் தாய்மார் வாயில் நிற்கும் எளிய பாடல்கள் இயற்றலாம். அவை பரிசு பெறமாட்டா. ஆனால் நள்ளிரவில் ஒரு வீட்டில் பயன்படும்.

சொற்களைத் திரட்டி அச்சேற்றும் பணிக்குப் பொருள் தந்து புகழ் கொண்டவர் இவ்வூர்ப் பெருமகனார். அவர் வழியில் நாம் செலவிட வேண்டியது பெரும்பொருளன்று. கேட்கும் செவியும் எழுதும் கையும் போதும். மூச்சு உள்ளவரைதான் சொல். சொல்லும் சில வேளைகளில் மூச்சைக் காக்கும். அப்படிக் காக்கும் சொற்களை நம் வட்டம் தேடட்டும்.